உரிமையாளர் என்ற இடத்தில்

பதிவுச் சான்றிதழை மச்சான் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். மேசைக்கு மேலே, முருகன் படத்துக்கும் வெளிநாட்டு அழைப்புக் கட்டணப் பட்டியலுக்கும் நடுவில். சிங்களத்தில் அச்சிட்ட தாள். வியாபாரத்தின் பெயர் ஸ்டோமா ஸ்லைட்ஸ். உரிமையாளர் என்ற இடத்தில் அவருடைய பெயர் இருந்தது. பிரதாப்.

இரண்டு தடவை வாசித்தேன். என் பெயர் எங்கும் இல்லை.

"என்னா அப்பிடிப் பாக்குற?" என்றார். "சட்டம் நல்லாருக்கா? பளீல் நானா கடையில போட்டது."

"நான் சம்மதக் கடிதம் மட்டுந்தான கேட்டேன், மச்சான்."

"கடை யாருது?"

நான் சான்றிதழையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேக்குறேன்ல. கடை யாருது? என்னுது. கம்பியூட்டர் யாருது? என்னுது. அப்ப பதிவு மட்டும் ஒன் பேருல வருமா? கெம்பஸ்ல இதெல்லாம் சொல்லிக் குடுக்கலியா?"

அக்கா போட்டோகொப்பி இயந்திரத்தின் முன் நின்றாள். யாரோ ஒருவருடைய பிறப்புச் சான்றிதழைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

அது 2008. நான் தாவரவியல் படித்துப் பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. வேலை கிடைக்கவில்லை. ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், அம்மாவோடு இருந்தேன். அக்கா சீதாதேவியின் கணவர் பஜாரில் கொமியுனிகேஷன் வைத்திருந்தார். நான்கு தொலைபேசிக் கூண்டு, ஒரு போட்டோகொப்பி, இரண்டு கணினி. அங்கே உட்கார்ந்து வேலை தேடிக்கொண்டிருந்தபோது, இங்கிலாந்து ஆசிரியை ஒருவர் தேயிலை இலையின் குறுக்குவெட்டு எங்கே கிடைக்கும் என்று ஓர் இணையப் பக்கத்தில் கேட்டிருந்ததைப் பார்த்தேன். செய்து அனுப்பினேன். பிறகு அவருடைய சிநேகிதிகள் கேட்டார்கள். ஒரு வருடத்தில் பதினொரு நாடுகளுக்குப் பொதி போனது.

மரவள்ளித் தண்டின் நெட்டியைப் பிளந்து, நடுவில் இலையை வைத்து, சவர பிளேடால் சீவ வேண்டும். சீவல்கள் தண்ணீரில் மிதக்கும். மிக மெல்லியதைத் தூரிகையால் எடுத்து, சாயமேற்றி, கண்ணாடியில் வைத்து, மேலே இன்னொரு மெல்லிய கண்ணாடியை ஒட்ட வேண்டும். இருபது சீவலில் ஒன்று தேறும். நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் இலையின் உள்வீடு தெரியும். ஸ்டோமா என்றால் இலைவாய், இலை மூச்சு விடும் துளை. அந்தப் பெயரை நான் வைத்தேன். ஒவ்வொரு ஸ்லைடின் இடது ஓரத்திலும் அந்தப் பெயர் எழுதிய சிறு சீட்டு இருக்கும். வாங்குகிறவர்களுக்கு என்னைத் தெரியாது. அந்தச் சீட்டைத் தெரியும்.

பதிவு இல்லாமல் வங்கி வியாபாரக் கணக்குத் திறக்க மறுத்தது. பதிவுக்கு, வியாபாரம் நடக்கும் இடத்தின் உறுதிப் பத்திரம் வேண்டும். இல்லையென்றால் இடத்துக்காரரின் சம்மதக் கடிதம் வேண்டும். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். அதில் எங்கள் அறையான காம்பிராவுக்கு இலக்கம் உண்டு, விலாசம் இல்லை. கடிதங்கள் தோட்ட ஒபீசுக்கு வரும். பெரிய கிளாக்கருக்கு நினைவு வந்தால் எங்களுக்கு வரும். அவரிடம்தான் முதலில் கேட்டேன்.

"தொர கையெழுத்துப் போட மாட்டாரு," என்றார் அவர். "ஒனக்குக் குடுத்தா நாளைக்குக் கோழி விக்கிறவனும் வந்து நிப்பான். படிச்ச புள்ளதான நீ. வேல தேடு."

ஆகவே மச்சானிடம் போனேன். படிவத்தை என் பெயரில் நிரப்பினேன். சம்மதக் கடிதத்தைத் தனியாக எழுதி, அவர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்தேன். "ரெண்டையும் தா, நானே குடுத்துர்றேன். பதிவு பண்ற லேகம் கந்தோருல ஆள் தெரியும்," என்றார். கொடுத்தேன். அவர் வேறு படிவம் வாங்கித் தன் பெயரில் நிரப்பிக் கொடுத்திருக்கிறார்.

"கிராம சேவக மஹத்தயா என்னா கேட்டாரு தெரியுமா?" என்றார் மச்சான். "இந்தப் புள்ள யாரு, எங்க இருக்குன்னாரு. லயத்துலன்னேன். சிரிச்சாரு. நான் என்னா பண்றது?"

பொய்யா மெய்யா தெரியவில்லை. இரண்டும் நடக்கக்கூடியதுதான்.

"நீ வெட்டு, ஒட்டு. மத்தத நான் பாத்துக்கிறேன். மாசம் ஒரு சம்பளம் போட்டுர்றேன். இந்தக் கூச்சத்த வச்சிக்கிட்டு நீ யாவாரம் பண்ணி நான் பாக்கணும்."

அக்கா பிரதியை எடுத்து வந்தவரிடம் கொடுத்தாள். அடுத்த தாளை வைத்து மூடியை அழுத்தினாள்.

அடுத்த வாரம் எங்கள் இணையப் பக்கத்தில் மச்சானின் படம் வந்தது. வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி. கீழே உரிமையாளர் என்று போட்டு, பெயர், கடை விலாசம். அக்காதான் ஏற்றியிருந்தாள். வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல்களை முன்பிருந்தே அவள்தான் காலையில் திறந்து அச்செடுத்து வைப்பாள். பதிலும் பெரும்பாலும் அவள்தான் எழுதுவாள். நான் எழுதினால் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது என்பாள்.

பிறகு மச்சான் கண்ணாடியில் கை வைத்தார். ஸ்லைட் கண்ணாடி கொழும்பிலிருந்து பெட்டியாக வரும். விளிம்பு தேய்த்து மழுக்கியது. மச்சான் அதை நிறுத்திவிட்டார். பக்கத்தில் பளீல் நானாவின் ஹார்ட்வெயார் கடையில் ஜன்னல் கண்ணாடியை அளவுக்கு வெட்டி வாங்கி வந்தார்.

"ஓரம் கைய வெட்டும், மச்சான்."

"அவங்க பாக்கத்தான வாங்குறாங்க. தடவிப் பாக்கவா வாங்குறாங்க?"

பளீல் நானா கடைவாசலில் நின்று இதற்குச் சிரித்தார். நான் கண்ணாடிகளை லயத்துக்குக் கொண்டுபோய் அம்மாவின் பால்வெட்டுக் கத்தி தீட்டும் கல்லில் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். நாற்பது தேய்த்து முடித்திருந்தேன். மிச்சத்தையும் ஒட்டிக் கொண்டுவரச் சொல்லி மச்சான் ஆள் அனுப்பினார். தேய்க்காததை ஒட்டித் தனிப் பெட்டியில் வைத்து, இதை அனுப்ப வேண்டாம் என்று மேலே எழுதினேன். அனுப்பிவிட்டார்.

அன்றைக்குத்தான் கேகாலைக்குப் போய், பதிவு விவரம் தெரிந்த ஒருவரைக் கேட்பது என்று முடிவு செய்தேன்.

வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையைச் சிப்பாய் நீண்ட நேரம் பார்த்தான். கையிலிருந்த ஸ்லைட் பெட்டியைத் திறக்கச் சொன்னான். கண்ணாடி என்று சிங்களத்தில் சொன்னேன். எதற்கு என்றான். இலை பார்க்க என்றேன். அவன் மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

கேகாலையில் நான் தேடிப் போன விமலாதேவி யாழ்ப்பாணத்துக்காரர். கம்பனிகளுக்குச் செயலாளராக இருப்பது அவர் தொழில். ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் கந்தோர். பெயரை விளம்பரத்தில் பார்த்திருந்தேன்.

"என்ன விக்கிறீர்?"

ஒரு ஸ்லைடை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துக் காட்டினேன்.

"இதைக் காசு குடுத்து வாங்கினமோ?"

"வாங்குறாங்க, மிஸ்."

"பதிவு ஆற்ற பேரில?"

"அக்கா வீட்டுக்காரர் பேருல."

"செய்யிறது?"

"நான்."

"அப்ப நீர் அவற்ற கூலி." முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "சட்டம் அப்பிடித்தான் பாக்கும். அழப் போறீர் எண்டால் வெளியில போய் அழுதிட்டு வாரும். பதினொண்டரைக்கு எனக்கு வேற ஆள் வருது."

நான் அழவில்லை. அவர் பழைய தாளொன்றைத் திருப்பி மூன்று பெட்டி கீறினார்.

"தனி உரிமை. இப்ப உம்மட அத்தான் வச்சிருக்கிறது. இதில வியாபாரமும் ஆளும் ஒண்டு. வியாபாரத்துக்கு மேல வழக்கு வந்தால் அவற்ற கடைக்கு மேலயும் வரும், வீட்டுக்கு மேலயும் வரும். ரெண்டாவது பங்குடைமை. ஒருத்தர் விடுற பிழைக்கு மற்றவரும் மாட்டுவார். அத்தானோட கூட்டுச் சேரப் போறீரோ?"

"இல்ல, மிஸ்."

"மூண்டாவது கம்பனி. போன வருசம் புதுச் சட்டம் வந்தது. இப்ப ஒரு ஆளே திறக்கலாம். கம்பனி வேற ஆள், நீர் வேற ஆள். கம்பனிக்கு வாற நட்டம் உம்மட பங்கோட நிக்கும். நீர் தெரிஞ்சு விடுற பிழைக்கு அது குடை பிடிக்காது, அதையும் கேட்டு வையும்."

"விலாசம் இல்ல, மிஸ். லயத்துல இருக்கேன்."

முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "பதிவு அலுவலகம் எண்டு என்ர கந்தோரைப் போடலாம். சும்மா இல்லை, வருசத்துக்கு அதுக்கும் எடுப்பன்."

"இதே பேருல வேணும்."

"அந்தப் பேர் அவரிட்ட இருக்கு. அவர் சம்மதக் கடிதம் தரவேணும். இல்லாட்டி வேற பேர் பாரும்."

"வாங்குறவங்களுக்கு அந்தப் பேரத்தான் தெரியும்."

"அப்ப போய்க் கடிதம் வாங்கிக்கொண்டு வாரும். சிங்களத்தில அடிச்சுத் தாறன்." படிவங்களையும் ஓர் உறையில் போட்டுத் தந்தார். "இன்னொண்டு. நாளைக்கு ஆரையும் பங்குக்குச் சேர்க்கிறதெண்டால் சரிபாதி குடுக்காதேயும். ரெண்டு பேரும் சமன் எண்டால், ஒருத்தர் மாட்டன் எண்ட உடன கம்பனி அப்பிடியே நிண்டுடும்."

எழுந்தபோது ஒன்று கேட்டேன். "இவ்வளவு இருக்கும்போது, அவர் ஏன் தன் பேருல மட்டும் போட்டுக்கிட்டாரு?"

"அவருக்கு இது தெரியாது. பேர் இருந்தால் வரும் எண்டு தெரியும். என்ன வரும் எண்டு தெரியாது."

கடிதம் என் பையில் மூன்று வாரம் கிடந்தது. மச்சானிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் கிழிப்பார் என்றும் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். "அவர் வரச் சொல்றாரு. ஒடனே." வேறு எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

மேசையில் பதிவுத் தபாலில் வந்த உறை கிடந்தது. இங்கிலாந்தில் ஒரு பாடசாலை. மச்சான் அதை விரல் நுனியால் என் பக்கம் தள்ளினார். "வாசி."

வாசித்துத் தமிழில் சொன்னேன். எங்கள் ஸ்லைடின் விளிம்பில் ஒரு மாணவியின் விரல் வெட்டுப்பட்டிருக்கிறது. மூன்று தையல். உரிமையாளரின் முழுப்பெயரும் விலாசமும் சரியா என்று உறுதிப்படுத்தும்படி கேட்டிருந்தார்கள். அவருக்குக் காப்புறுதி உண்டா என்றும் கேட்டிருந்தார்கள். பெற்றோர் சட்ட நடவடிக்கை எடுக்கக்கூடும் என்பது கடைசி வரி.

"பொய் சொல்றா," என்று மச்சான் அக்காவிடம் சொன்னார். அக்கா வாசித்துச் சொன்னதும் போதாமல் பளீல் நானாவைக் கூட்டி வந்தார். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, உதடு அசைய வாசித்தார்.

"அதே தான், பிரதாப். ஓனர்ண்டு உங்கட பேர்தான் போட்டீக்கி." தாளை மேசையில் வைத்துக் கையை எடுத்துக்கொண்டார். "நான் வெட்டித் தந்தது ஜன்னலுக்கு. ஜன்னலுக்குண்டு தான் நான் நெனச்சது."

"நீங்கதான நானா சிரிச்சீங்க அன்னிக்கி."

"சிரிச்சதுக்குக் கேஸ் போட ஏலாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மச்சான் என் பக்கம் திரும்பினார். "இங்க வந்து என்னா பண்ணுவானுங்க?"

"தனி உரிமைன்னா யாவாரமும் ஆளும் ஒண்ணு, மச்சான். யாவாரத்து மேல வர்ற வழக்கு ஆள் மேல வரும். கடை மேலயும் வரும்."

பாடம் ஒப்பிக்கிற குரலில்தான் சொன்னேன். அந்தக் குரல்தான் எனக்கு உண்டு. அவர் கடையைச் சுற்றிப் பார்த்தார். கூண்டுகள், கணினிகள், போட்டோகொப்பி.

"செஞ்சது நீ."

"ஓரம் வெட்டும்னு சொன்னேன்."

"சொன்ன. வாய்க்குள்ளயே முணுமுணுத்தா எவனுக்குக் கேக்கும்? சொல்றதுன்னா கத்திச் சொல்லணும்." பிறகு மெதுவாகச் சொன்னார். "நீயே வச்சிக்க. பேர ஒன் பேருக்கு மாத்திக்க. என்னா தாள் வேணுமோ வெள்ளிக்கெழம கொண்டா."

தாள் அப்போதே என் பையில் இருந்தது. வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் யோசிப்பார்.

வெள்ளிக்கிழமை போனபோது அவர் கடையில் இல்லை. அக்கா இயந்திரத்தில் மை மாற்றிக்கொண்டிருந்தாள். நான் கணினியில் உட்கார்ந்து மின்னஞ்சலைத் திறந்தேன். அந்தப் பாடசாலை ஆசிரியை எழுதியிருந்தார். சிறுமிக்குக் காயம் ஆறிவிட்டது. பெற்றோர் எதுவும் செய்யப் போவதில்லை. பாடசாலைக் கடிதம் வழக்கமான நடைமுறை, மனம் வருந்த வேண்டாம். இனிமேல் விளிம்பைத் தேய்த்து அனுப்பவும். அடுத்த தவணைக்குப் பன்னச் செடி இலையில் பன்னிரண்டு ஸ்லைட் வேண்டும்.

இரண்டு தடவை வாசித்தேன். மூடினேன். கணக்கிலிருந்து வெளியேறினேன்.

மச்சான் வந்தார். நான் நீட்டிய சம்மதக் கடிதத்தை மூன்று தடவை வாசித்தார். சிங்களம் அவருக்கு என்னைவிட நன்றாக வரும்.

"இதுல கையெழுத்துப் போட்டா, அந்த வெள்ளக்காரப் புள்ள வெரலு ஒன் தலைலதான?"

"பேரு என் கம்பனிக்கு வந்துரும், மச்சான்."

அது அவர் கேட்டதற்குப் பதில் அல்ல. அந்தக் கண்ணாடியை விற்றபோது உரிமையாளர் அவர்தான். பெயரைக் கைமாற்றினாலும் அந்தக் கண்ணாடிக்குப் பொறுப்பு அவர்தான். அது எனக்குத் தெரியும்.

பேனாவைத் திறந்தவர் நிறுத்தினார். "சீதா. வேற மெயில் ஏதாச்சும் வந்திச்சா?"

"ஒண்ணும் இல்ல," என்றாள் அக்கா. திரும்பாமல்.

கையெழுத்திட்டார். நாற்காலியில் ஏறிச் சட்டத்தைக் கழற்றினார். பின்பக்க ஆணிகளைப் பிடுங்கிச் சான்றிதழை மட்டும் உருவி என் மடியில் போட்டார். "இதையும் கொண்டு போய்க் குடு. சட்டம் என்னுது."

பஸ் நிலையத்தில் கேகாலைப் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அக்கா வருவதைத் தூரத்திலேயே பார்த்தேன். குடை இல்லாமல், நல்ல வெயிலில், வேகமாக வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சட்டைக்குள்ளிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து விரித்தாள். அந்த மின்னஞ்சல். மேலே அச்செடுத்த நேரம் இருந்தது. காலை எட்டு பத்து.

"நீ வர்றதுக்கு முன்னாலயே பாத்துட்டேன்," என்றாள்.

அந்த நேரத்தை இன்னொரு தடவை வாசித்தேன்.

"இத இப்பக் கொண்டுபோய் அவர் கிட்டக் குடுத்தா என்னா ஆகும்? ஓடி வருவாரு. பஸ்ஸுல ஏறி ஒன் பையப் புடுங்குவாரு."

"ஏன் குடுக்கல?"

"எனக்குப் பாதி வேணும்."

"எதுல?"

"என்னா எதுல? கம்பனியில. என் பேருல. அவர் பேருல இல்ல, என் பேருல."

"அவரு சான்றிதழ மாட்டுனப்ப நீ திரும்பிக்கூடப் பாக்கல."

"அதான் ஒன் கோவமா?" சிரித்தாள். நல்ல சிரிப்பு அல்ல. "ஒம்போது வருசமா அந்த மிசினுக்கு முன்னால நிக்கிறேன். அந்தச் செவுத்துல என் பேரு எங்கயாச்சும் இருக்கா? நீ ஃபோம் நெரப்பிக் கொண்டாந்தியே, அதுல இருந்திச்சா? ஒனக்கு வந்த மெயிலுக்கெல்லாம் பதில் எழுதினது யாரு? 'தங்கள் மகன் தேர்வில் சித்தியடைந்தமைக்கு வாழ்த்துகள்'னு நீயா எழுதின? நீயும் அவரும் ஒண்ணுதான். அவரு சத்தமா எடுத்துக்குவாரு. நீ சத்தமில்லாம எடுத்துக்குவ."

பக்கத்தில் நின்ற கடலைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போனார்.

"பாதி முடியாது," என்றேன்.

"என்னாது?"

"சரிபாதி போட்டா, ஒருத்தர் மாட்டேன்னா கம்பனி நின்னுரும். நூறு பங்கு. எனக்கு அம்பத்தொண்ணு. ஒனக்கு நாப்பத்தொம்போது."

தாளை மடிமேல் வைத்து நீவினாள். "அந்த ஒண்ணு எதுக்கு?"

"பிளேடு என் கையில."

"என் கையில இது இருக்கு." தாளைத் தட்டினாள்.

"குடு அப்ப. கொண்டுபோய்க் குடு. பேர அவரு திருப்பி எடுத்துக்கட்டும். நான் வேற பேருல வெட்டுவேன். நீ மிசினுக்கு முன்னால நில்லு."

வாழ்க்கையில் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ விலைப்பட்டியலைப் பார்ப்பது மாதிரி.

"எழுது," என்றாள்.

விமலாதேவி தந்த படிவத்தை எடுத்தேன். பங்குதாரர்கள் என்ற இடத்தில் என் பெயரை முதலில் எழுதினேன். அனுஷியா. எதிரே ஐம்பத்தொன்று. அடுத்த வரியில் அவள் பெயர். எதிரே நாற்பத்தொன்பது. தன் அடையாள அட்டை இலக்கத்தை மனப்பாடமாகச் சொன்னாள். எழுதியதை வாங்கி ஒவ்வொரு இலக்கமாக விரலால் தொட்டுச் சரிபார்த்தாள். கையெழுத்திட்டாள். அவளுடைய கையெழுத்தை அதுவரை நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

கேகாலைப் பஸ் வந்து நின்றது. நடத்துனர் இறங்கிக் கத்தினார்.

"அந்தத் தாள்?" என்று கையை நீட்டினேன்.

அக்கா மின்னஞ்சலைப் பழைய மடிப்பிலேயே நான்காக மடித்தாள். "பன்னம் பன்னெண்டு, அடுத்த வாரம் அனுப்புறோம்னு காலையிலயே பதில் போட்டுட்டேன். வெட்டி வை. ஓரத்தத் தேய்ச்சு."

"தாள், அக்கா."

"இது என் கிட்டத்தான் இருக்கும்," என்று சட்டைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். நான் பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தபோது அவள் பஜார்ப் பக்கம் பாதி தூரம் போயிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.